வீட்டு வளவில் நாய்க் காப்பகம்: முதலில் காணிப் பத்திரத்தை எடுங்கள்

கேள்வி:

கிளிநொச்சி நகரத்திலிருந்து சில கிலோமீற்றர் உள்ளே, குடியேற்றத் திட்டக் காணி ஒன்றில் அம்மாவோடு இருக்கிறேன். அரை ஏக்கர் மேட்டுக்காணி, பின்பக்கம் நீர்ப்பாசன வாய்க்கால். அப்பாவின் பெயரில் எல்.டி.ஓ பெர்மிட் (அரச காணிக்கான அனுமதிப்பத்திரம்). அப்பா 2009இல் இறந்துவிட்டார், பெயர் இன்னும் மாற்றவில்லை. அண்ணா வெளிநாட்டில். நான் கொழும்பில் நாய் பராமரிப்பு நிலையம் ஒன்றில் நாலு வருடம் வேலை செய்துவிட்டு ஊரோடு வந்திருக்கிறேன். வெளியூர் போகிறவர்களின் நாய்களை நாள் கணக்கில் வைத்துப் பார்க்கவும், குளிக்கவார்த்து முடி வெட்டிவிடவும் வீட்டு வளவிலேயே ஒரு சின்ன இடம் தொடங்க விருப்பம். எட்டு நாய்களுக்குக் கூடு போட யோசனை. பிரதேச சபையில் விசாரித்தபோது "இப்படி ஒரு தொழில் எங்கட பட்டியலில் இல்லை" என்றார்கள். தெரிந்த ஒருவர், "ஆர் கேக்கப் போகினம், தொடங்கிப்போட்டுப் பார்" என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா கைக்குழந்தையோடு இருக்கிறார். அவருக்கு இதில் விருப்பமில்லைப் போலத் தெரிகிறது. நான் எங்கிருந்து தொடங்குவது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கிளிநொச்சி மாவட்டம்

பதில்:

தங்கச்சி,

"தொடங்கிப்போட்டுப் பார்" என்ற யோசனையை முதலில் விட்டுவிடுங்கள். தையலோ மிளகாய்த்தூள் பொதி செய்வதோ என்றால் யாரும் கேளாமல் வருடக்கணக்கில் ஓடலாம். நாய் அப்படியல்ல, வந்து சேர்ந்த முதல் இரவே ஊருக்குச் சொல்லிவிடும். மறுநாள் ஒரு முறைப்பாடு போனால், பார்க்க வருகிற உத்தியோகத்தரின் முதல் கேள்வி "அனுமதி எங்கே" என்பதுதான். உங்கள் கூடு எவ்வளவு சுத்தம், நாய்களுக்கு ஊசி போட்டிருக்கிறதா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். அனுமதி இல்லாமல் தொடங்கியவருக்கு, தன் பக்கத்து நியாயத்தைச் சொல்வதற்கான வாய்ப்பே பறிபோய்விடுகிறது. வடக்கில் உள்ளூராட்சி மன்றங்களின் திட்டமிடல் வேலைகளில் நீண்டகாலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: சிறு தொழில்கள் மூடப்படுவது பெரும்பாலும் தொழில் தவறு என்பதால் அல்ல, பத்திரம் இல்லாமல் தொடங்கியதால்.

ஆனால் எந்தப் பத்திரம்? நீங்கள் பிரதேச சபைக்குப் போனீர்கள். முதலில் போயிருக்க வேண்டியது பிரதேச செயலகத்துக்கு. இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் நிறையப்பேர். கட்டடம், வியாபார உரிமம், குப்பை, வடிகால் எல்லாம் தவிசாளரும் உறுப்பினர்களும் இருக்கிற சபையின் பொறுப்பு. அரச காணி பிரதேச செயலாளரின் பொறுப்பு. உங்களுடையது 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்ட காணி. உறுதிக்காணி, அதாவது உறுதி உள்ள சொந்தக் காணி, வைத்திருப்பவர் அது எந்த நிலப்பயன்பாட்டு வலயத்தில் இருக்கிறது, சபை என்ன சொல்லும் என்று மட்டும் பார்த்தால் போதும். பெர்மிட்காரருக்கு அதற்கு முன்னால் இன்னொரு கதவு இருக்கிறது. வன்னியில் இரணைமடுக் குளத்தை நம்பிய குடியேற்றங்களிலிருந்து முத்தையன்கட்டுப் பக்கம்வரை எவ்வளவோ வீடுகள் இப்படியான காணிகளில்தான் நிற்கின்றன. ஆகவே இது உங்களுக்கு மட்டும் உரிய சிக்கல் இல்லை.

பெர்மிட்டை எடுத்து விரித்துப் பாருங்கள். காணி என்ன நோக்கத்துக்குக் கொடுக்கப்பட்டது என்றும், என்னென்ன நிபந்தனைகள் என்றும் அதிலேயே எழுதியிருக்கும். மேட்டுக்காணி என்றால் பெரும்பாலும் குடியிருப்பும் வீட்டுத்தோட்டமும். அதை மீறினால் அறிவித்தல் கொடுத்து, விசாரித்து, பெர்மிட்டையே ரத்துச்செய்யச் சட்டத்தில் வழி இருக்கிறது. வருமானத்துக்காக மற்றவர்களின் நாய்களை வைத்திருப்பது அந்த நோக்கத்துக்குள் வருமா என்பதை நீங்களாகத் தீர்மானிக்க வேண்டாம். பிரதேச செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். குடியிருக்கும் வளவின் ஒரு சிறு பகுதியில் சுயதொழிலாக இதைச் செய்ய இணக்கம் தரும்படியும், அந்த இணக்கத்தை எழுத்தில் தரும்படியும் கேளுங்கள். வீடு வீடாகவே இருக்கும், காணி யாருக்கும் குத்தகைக்குப் போகாது, நிரந்தரக் கட்டடம் சிறியது என்ற மூன்றையும் கடிதத்தில் சொல்லுங்கள். அவர் கையெழுத்திட்ட ஒரு பக்கம் உங்கள் கோப்பில் இருந்தால், சபையில் யாரும் காணியைச் சொல்லி உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது.

அதற்கு முன்பு பெயர் மாற்றம். அப்பா இறந்து இத்தனை வருடமாகிறது. நீங்கள் எங்கே போனாலும் "விண்ணப்பிக்க நீர் யார்?" என்று கேட்பார்கள். அப்பாவின் இறப்புச் சான்றிதழ் கையில் இருக்கிறதா? 2009இல் இறந்தவர்களின் குடும்பங்களில் பலரிடம் அது இல்லை. இல்லையென்றால் மற்ற எல்லாவற்றையும் வைத்துவிட்டு, பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் அதையே முதலில் பாருங்கள். அந்த வேலை மனதுக்குக் கடினமானது என்பது எனக்குத் தெரியும். ஆனால் காணி தொடர்பான ஒவ்வொரு படிவமும் அதைக் கேட்கும். சான்றிதழ் இருந்தால், பெர்மிட்காரரின் மனைவி என்ற வகையில் அம்மாவுக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. அவருடைய பெயரைப் பதிவுசெய்ய விண்ணப்பியுங்கள். அப்பா பின்னுரித்தாளராக, அதாவது தனக்குப் பிறகு காணியைப் பெறுபவராக, யாரையாவது நியமித்திருந்தாரா என்று காணிக் கிளையின் பதிவேட்டில் பார்க்கச் சொல்லுங்கள். நியமிக்காமல் இறந்திருந்தால், முந்தைய சட்டத்தில் ஆண்பிள்ளைகளுக்கே முன்னுரிமை இருந்தது. 2022இல் வந்த திருத்தம் அந்த வேற்றுமையை நீக்கியது. அப்பா இறந்தது அதற்கு முந்தி என்பதால், உங்கள் விடயத்தில் எது பொருந்தும் என்பதைக் காணி உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எப்படியிருந்தாலும் அண்ணாவிடம் ஆட்சேபனை இல்லை என்ற கடிதம் ஒன்றை இப்போதே எடுத்து வையுங்கள். உறவு நன்றாக இருக்கும் நேரத்தில் அது ஒரு கையெழுத்து. பிறகு என்றால் வழக்காகலாம்.

இனிச் சபை. உங்கள் கிராமம் நகர அபிவிருத்தி அதிகார சபையின் அபிவிருத்திப் பகுதியாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேளுங்கள். அறிவிக்கப்பட்டிருந்தால் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும். அந்தச் சட்டத்தில் கட்டடம் கட்டுவது மட்டும் "அபிவிருத்தி" அல்ல. காணியின் அல்லது கட்டடத்தின் பயன்பாட்டை மாற்றுவதும் அபிவிருத்திதான், அதற்கும் அனுமதி வேண்டும். விவசாயத்துக்கும், குடியிருக்கும் வீட்டின் வளவுக்குள் அந்த வீட்டு வாழ்க்கையோடு ஒட்டிய பயன்பாட்டுக்கும் விலக்கு உண்டு. நீங்கள் சொந்தமாக மூன்று நாய் வளர்த்தால் அது வீட்டு வாழ்க்கை. காசு வாங்கிக்கொண்டு மூன்று பேரின் நாயை வைத்திருந்தால் அது பயன்பாட்டு மாற்றம். நாய்களின் எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் சட்டத்தின் பார்வையில் இரண்டும் வேறு. அனுமதியில்லாமல் செய்தால் நிறுத்தச் சொல்லி அறிவித்தல் வரும். அதற்கும் பணியாவிட்டால் நீதவான் நீதிமன்றத்தில் கட்டளை பெற்று, கட்டியதை இடிக்கக்கூட முடியும். அறிவிக்கப்படாத கிராமம் என்றால் இந்த வலயக் கதை இல்லை. ஆனால் கூட்டுக்கான கட்டட விண்ணப்பமும் வியாபார உரிமமும் அங்கேயும் தேவை.

"பட்டியலில் இல்லை" என்று சொன்னது பற்றி. அது மறுப்பு அல்ல, அனுமதியும் அல்ல. பிரதேச சபைகள் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. எந்தத் தொழிலுக்கு உரிமம் வேண்டும் என்பது உபவிதிகளில் இருக்கும். உரிமம் தேவைப்படாத தொழில்களுக்கு வரி மட்டும் அறவிடுவதற்கு வேறு பிரிவுகள் இருக்கின்றன. முன் மேசையில் இருப்பவருக்கு மனப்பாடமாகத் தெரிந்தது சில்லறைக் கடை, சாப்பாட்டுக் கடை, அரிசி ஆலை, வாகனம் கழுவுமிடம். நாய்க் காப்பகம் நம் பக்கத்துக்குப் புதிது, அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் உத்தியோகத்தருக்கு ஒரு கோரிக்கை கொடுங்கள்: விலங்கு பராமரிப்பு, விலங்கு விற்பனை, தொந்தரவு தரும் தொழில்கள் பற்றிய உபவிதிகளின் பிரதி, உங்கள் கிராமத்துக்குப் பொருந்தும் நிலப்பயன்பாட்டு வரைபடம் இருந்தால் அதன் பிரதி. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்லியாக வேண்டும். சண்டைக்காக இதைச் செய்யச் சொல்லவில்லை. கோரிக்கை எழுத்தில் வந்ததும் கோப்பு ஒன்று திறக்கப்படும், உங்கள் கேள்வி சபைச் செயலாளரின் மேசைக்குப் போகும். இன்னொன்று: 2023 மார்ச்சில் கலைந்த சபைகள் 2025 மே 6 தேர்தலுக்குப் பிறகு மீண்டும் உறுப்பினர்களோடு இயங்குகின்றன. உங்கள் வட்டார உறுப்பினரிடம் விடயத்தைச் சொல்லி வையுங்கள். சிபாரிசுக்காக அல்ல, சபைக் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தால், "நாய்ப் பண்ணை வரப்போகுதாம்" என்று யாரோ சொல்லுமுன் உண்மையில் நீங்கள் கேட்பது என்ன என்று தெரிந்த ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.

உங்கள் திட்டத்தில் உண்மையில் கடினமானது சத்தம். இதில் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1996இல் வந்த சத்தக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள், பிரதேச சபை எல்லைக்குட்பட்ட பகுதிகளைச் சத்தம் குறைவாக இருக்க வேண்டிய பகுதிகளாக எடுத்துக்கொள்கின்றன. காணியின் எல்லையில் வைத்து அளந்தால் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது மேல்வரம்பு. இரவு என்பது மாலை 6 மணிக்கே தொடங்கிவிடும். பெரிய நாய் ஒன்று குரைத்தால் ஒரு மீற்றரில் 90 டெசிபல் வரை போகும். வெட்டவெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் சுமார் 6 டெசிபல் குறையும். 2 மீற்றரில் 84, 4இல் 78, 8இல் 72, 16இல் 66, 32இல் 60. உங்கள் அரை ஏக்கர், அதாவது எட்டுப் பரப்பு, சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறத்தாழ 45 மீற்றர். நட்டநடுவில் கூட்டை வைத்தாலும் வேலி 22 மீற்றரில். அங்கே ஒற்றைக் குரைப்பு 63 டெசிபல் அளவில் கேட்கும். ஒழுங்குவிதி பார்ப்பது ஒரு நேர இடைவெளியின் சராசரியை என்பதால், எப்போதாவது இரண்டு குரைப்பு உங்களைக் குற்றவாளி ஆக்காது. ஆனால் எட்டு நாய் மாறிமாறிக் குரைக்கும் ஒரு இரவைத் தூரம் மட்டும் காப்பாற்றாது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

ஆகவே குரைக்கவிடாத கூடுதான் வேண்டும். நாய் எதைக் கண்டு குரைக்கிறது? தெருவில் போகிற மோட்டார் சைக்கிள், வேலிக்கு அப்பால் மேயும் கோழி, எதிர்க்கூட்டில் நிற்கும் இன்னொரு நாய். கம்பிவலைக் கூடுகளை எதிரெதிராக அடுக்கித் தெருவைப் பார்க்க வைப்பதுதான் நம் ஆட்கள் வழக்கமாகச் செய்வது, மலிவும்கூட. அதைச் செய்யாதீர்கள். பக்கத்து வீட்டுப் பக்கமும் தெருப்பக்கமும் சீமெந்துக் கல் வைத்துப் பூசிய முழுச்சுவராக இருக்கட்டும். திறப்பு உங்கள் சொந்த வீட்டுப் பின்பக்கத்தைப் பார்க்கட்டும். கூட்டுக்கும் கூட்டுக்கும் இடையிலும் நாயின் தலைக்கு மேலே போகிற சுவர் வேண்டும். வெறும் தகரக் கூரை போட்டால் வெயிலில் நாய் மூச்சு வாங்கித் தவிக்கும், மழையில் அந்தச் சத்தமே அதைக் கலவரப்படுத்தும். ஓடு போட முடியாவிட்டால் தகரத்துக்குக் கீழே கிடுகால் ஒரு தட்டியாவது கட்டுங்கள். மாலை 6 மணிக்குப் பிறகு எந்த நாயும் வெளியே நிற்காது என்பதை உங்கள் விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். நீங்கள் படுக்கும் அறை கூட்டுக்குப் பக்கத்தில் இருக்கும்படி பாருங்கள். ஆள் மணம் பக்கத்தில் இருந்தால், புது இடத்துக்கு வந்த நாயும் விரைவில் அடங்கும். நாலு வருட அனுபவம் உள்ள உங்களுக்கு இது தெரிந்ததே. உங்கள் விண்ணப்பத்தைப் பார்க்கும் சபையின் திட்டமிடல் குழுவில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அதனால்தான் எழுதச் சொல்கிறேன்.

எட்டு வேண்டாம், நாலோடு தொடங்குங்கள். நாலு என்றால் பி.எச்.ஐயும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சபையும் அதை வீட்டோடு சேர்ந்த தொழிலாகப் பார்க்க முடியும். எட்டு என்றால் அது பண்ணை. வியாபார உரிமம் எப்படியும் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டியது. ஒரு வருடம் முறைப்பாடு இல்லாமல் நடத்திக் காட்டிவிட்டு எண்ணிக்கையைக் கூட்டக் கேட்பது, முதலிலேயே எட்டுக்குக் கேட்டு மறுக்கப்படுவதைவிட எவ்வளவோ மேல். குளிக்கவார்ப்பதும் முடி வெட்டுவதும் பகல் வேலை. அதில் வரும் வருமானம் நாலு கூட்டின் குறையை ஈடுசெய்யும்.

இனிப் பக்கத்து வீட்டு அக்கா. விண்ணப்பம் கொடுக்குமுன் அவரிடம் போங்கள், அம்மாவோடு போங்கள். கையெழுத்து வாங்குகிற கடதாசியைக் கொண்டு போகாதீர்கள். அவருக்கு என்ன பயம் என்று கேளுங்கள். பிள்ளையின் நித்திரையா, கடியா, மணமா, தன் கோழிகளா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. நித்திரை என்றால் முழுச்சுவர். கடி என்றால் இரட்டைப் படலை, அதாவது ஒன்றைத் திறக்கும்போது மற்றது பூட்டியிருக்கும். நாய் தப்பித் தெருவுக்கு வராது. கூட்டை எந்த மூலையில் வைத்தால் அவருக்குக் குறைந்த தொந்தரவு என்று அவரையே காட்டச் சொல்லுங்கள். அவர் காட்டிய மூலை உங்களுக்குக் கொஞ்சம் வசதிக்குறைவாக இருந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்து, இரவு எத்தனை மணியானாலும் முதலில் எனக்கு எடுங்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள். எங்களுடைய அயலட்டையில் பல முறைப்பாடுகள் நாயைப் பற்றியோ மரக்கிளையைப் பற்றியோ எழுதப்பட்டாலும், உண்மையில் "எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை" என்ற மனத்தாங்கலால் வந்தவை. இரண்டாம் தடவை போகும்போது நீங்கள் ஒப்புக்கொண்டதை ஒரு பக்கத்தில் எழுதி அவரிடம் ஒரு பிரதி கொடுங்கள். அவர் விரும்பிக் கையெழுத்திட்டால் அதைக் கோப்பில் சேருங்கள். பிறகும் உடன்படாமல் பிணக்கு வளர்ந்தால் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபை இருக்கிறது. பொதுத்தொல்லை என்று பொலிஸ் நீதவான் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும் நிலைக்கு விடாதீர்கள். அங்கே உங்களை நிறுத்தச் சொல்லிக் கட்டளை பிறப்பிக்க நீதவானுக்கு அதிகாரம் உண்டு.

பி.எச்.ஐ வந்து முதலில் பார்ப்பது கிணறு. கழுவும் நீர் போகிற குழி கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடியாவது தள்ளி இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார். உங்கள் கிணறு மட்டுமல்ல, வேலிக்கு அப்பாலிருக்கும் கிணறும் கணக்கில் வரும். ஆகவே வளவின் பருமட்டான வரைபடத்தில் இரு வீட்டுக் கிணறுகளையும் மலசலகூடக் குழிகளையும் அடிக்கணக்கோடு குறியுங்கள். பின்பக்கம் வாய்க்கால் என்று எழுதியிருந்தீர்கள். அதற்குள் ஒரு சொட்டுக் கழிவுநீரும் போகக்கூடாது. வாய்க்கால் ஒதுக்கில், அதாவது வாய்க்காலுக்கென்று கரையோரம் விடப்பட்ட நிலத்தில், ஒரு தூணும் நடக்கூடாது. ஒதுக்கு எதுவரை என்று தெரியாவிட்டால் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் கேட்டுவிட்டு அளவு போடுங்கள். நிலத்தை வெள்ளத்தையும் நினைத்து உயர்த்துங்கள். 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறந்தபோது தண்ணீர் எதுவரை வந்தது என்று அம்மாவுக்கு ஞாபகம் இருக்கும், சுவரில் அடையாளமும் இருக்கலாம். கூட்டின் தரை அந்த மட்டத்துக்கு மேலே வர வேண்டும்.

எலிக்காய்ச்சல் பற்றியும் கேட்பார்கள். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் அதனால் உயிர்கள் போன பிறகு சுகாதாரப் பகுதியினர் இதில் கவனமாக இருக்கிறார்கள், நியாயமாகவே. நாய்ச் சாப்பாடு இருக்கும் இடத்துக்கு எலி வரும். நோய் தொற்றிய நாயின் சிறுநீராலும் அது பரவும். வயலுக்குள் வெறுங்காலோடு இறங்குகிற ஊரில் இது சின்ன விடயம் அல்ல. சாப்பாடு மூடியுள்ள வாளியில், மீதி அன்றே அகற்றல், மலத்துக்குச் சுண்ணாம்பு போட்டு மூடும் தனிக்குழி. அதை வீட்டுத்தோட்டத்துக்குப் பசளையாகப் போடாதீர்கள்.

அரச கால்நடை வைத்தியரை விண்ணப்பத்துக்கு முன்பே சந்தியுங்கள். விசர்நோய்த் தடுப்பூசி போட்ட அட்டை இல்லாத நாயை ஏற்பதில்லை, அட்டையின் பிரதி பதிவேட்டில் இருக்கும், சுகமில்லாமல் வந்தால் ஒதுக்கிவைக்கத் தனிக்கூடு ஒன்று உண்டு, அதற்கு உரிமையாளர் முன்கூட்டியே ஒப்புதல் கொடுத்திருப்பார் என்றெல்லாம் உங்கள் நடைமுறையை ஒரு பக்கத்தில் எழுதி அவரிடம் காட்டுங்கள். அவர் ஒரு சிபாரிசுக் கடிதம் தந்தால் சபையில் அதற்கு மதிப்பு அதிகம். பருவத்துக்கு வந்த பெட்டை நாயை எடுக்காதீர்கள். தெருவிலுள்ள கடுவன்கள் எல்லாம் இரவு முழுக்க உங்கள் படலையில் நிற்கும், அதுவரை சேர்த்த நல்ல பெயரும் போய்விடும். குட்டி விற்பனை, கிளி, ஆமை என்று ஆசைப்பட்டு விண்ணப்பத்தில் சேர்க்கவும் வேண்டாம். விற்பனை என்று எழுதினால் அது கடை, வேறு பார்வை. நட்சத்திர ஆமை போன்றவற்றை வைத்திருப்பதே வனஜீவராசிகள் சட்டப்படி குற்றம்.

விண்ணப்பத்தில் தொழிலின் பெயரை மட்டும் எழுதிவிட்டு விடாதீர்கள். "நாய்க் காப்பகம்" என்று இரண்டு சொல்லில் எழுதினால், வாசிக்கிற ஒவ்வொருவரும் தான் பயப்படுகிற ஒன்றைக் கற்பனை செய்துகொள்வார். உதாரணமாக இப்படி எழுதலாம்: "நான் குடியிருக்கும் வளவின் வடமேற்கு மூலையில், 20 அடிக்கு 12 அடி அளவான சுவரெழுப்பிய கொட்டகையில், ஒரே நேரத்தில் நான்கிற்கு மேற்படாத வளர்ப்பு நாய்களைத் தற்காலிகமாகப் பராமரித்தல். பொதுமக்கள் வருகை காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரை. மாலை 6 மணிக்குப் பின் நாய்கள் கொட்டகைக்குள் மட்டும். இனப்பெருக்கம், விற்பனை இல்லை. ஊழியர் இல்லை, நானும் தாயாரும் மட்டும்." மூலையும் அளவும் உங்களுடையதாக இருக்கட்டும். இப்படி எல்லை போட்டுக் கேட்டால், அதே வரிகளையே நிபந்தனையாக்கி அனுமதி தருவது குழுவுக்கு எளிது. அதோடு பிரதேச செயலாளரின் இணக்கக் கடிதம், வளவு வரைபடம், கால்நடை வைத்தியரின் கடிதம், ஜி.எஸ்ஸின் (கிராம சேவகர்) வதிவிட உறுதிப்படுத்தல் என்பவற்றை இணையுங்கள். வியாபாரப் பெயர்ப் பதிவு பிரதேச செயலகத்தில்தான் நடக்கும். சபையின் பதில் வந்தபிறகு செய்தால் போதும். ஆனால் அந்தப் பதிவே அனுமதி என்று நினைத்துத் தொடங்கிவிடாதீர்கள், பலர் அதில் ஏமாறுகிறார்கள்.

கொடுக்கும் எல்லாவற்றிலும் இரண்டு பிரதி வைத்து, ஒன்றில் திகதி முத்திரை வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். காரணம் திருத்தக்கூடியதாக இருந்தால், குழி தள்ளவேண்டும், சுவர் உயர்த்த வேண்டும் என்பதுபோல, திருத்திக்கொண்டு மீண்டும் கொடுங்கள். காரணமே சொல்லாமல் இழுத்தடித்தால் மாவட்டத்தில் உள்ளூராட்சி உதவி ஆணையாளர் அலுவலகம் இருக்கிறது. அவருக்கு முத்திரையிட்ட பிரதிகளோடு முறையிடலாம். பதில் வரும்வரை கொட்டகைக்குச் சீமெந்து வாங்கவேண்டாம். அதுவரை சும்மா இருக்கவேண்டும் என்றும் இல்லை. நாய் இருக்கிற வீடுகளுக்கே போய்க் குளிக்கவார்த்து முடி வெட்டிவிடுங்கள். உங்கள் வளவின் பயன்பாடு அதில் மாறாது, வாடிக்கையாளர்களும் சேர்வார்கள்.

பிரதேச செயலகத்துக்குப் போகிற நாளில் பெர்மிட்டின் மூலப்பிரதி, அப்பாவின் இறப்புச் சான்றிதழ், அம்மாவின் திருமணச் சான்றிதழ், இருவரின் அடையாள அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டுக்கொண்டு அம்மாவையும் கூட்டிப் போங்கள். பெயர் மாற்ற விண்ணப்பத்தில் கையெழுத்து வைக்கவேண்டியவர் அவர்தான்.